என் மனைவி பெயரில் நான் துப்பிய எச்சில்

தாயின் பிள்ளைகளே, என் முட்டாள்தனத்தை மறைத்துவிட்டு நம் அம்மனின் கருணையை மட்டும் சொன்னால் அது பொய்ச் சாட்சி. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் என் மனைவி செல்விக்கு உள்கன்னத்தில் புண் வந்தது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. சோறு இறங்கவில்லை. என்னைப் போல அவளும் புகையிலை போடுகிறவள். புற்றுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். குரும்பலூர் பக்கம் எங்கள் மக்காச்சோளக் காட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். “தாயே, அவளைக் காப்பாற்று” என்று கதறினேன்.

அந்த வாரமே ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். எச்சிலை வைத்தே வாய்ப் புற்றை ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். புகையிலை போடும் பெண்களுக்குப் பெயர் ஒட்டிய குழாய் கொடுத்தார்கள். விடிந்ததும் பல் துலக்காமல் அதில் துப்பித் தர வேண்டும்.

செல்வியின் அண்ணன் ராஜாங்கம் எங்கள் ஊர் மேதாவி. “எச்சியக் குடுத்தா செய்வினை வச்சிருவாங்க மச்சான். முடி, காலடி மண்ணு, எச்சி, மூணும் வெளிய போவக் கூடாது” என்றார். சொல்லி முடிப்பதற்குள் என் வாசலில் நாலு இடத்தில் புகையிலைச் சாறு துப்பினார்.

அதையும் நம்பினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். குழாயைத் திருப்பிக் கொடுக்கவும் துணிச்சல் இல்லை. செல்வியைத் துப்பவிடாமல் நானே துப்பி மூடிக் கொடுத்தேன். செய்வினை வந்தால் என் தலையோடு போகட்டுமாம். பெரிய தியாகி!

ஒன்றரை மாதம் கழித்து அந்த ஆராய்ச்சிப் பெண் வீட்டுக்கே வந்தாள்.

“அக்கா, இது உங்க எச்சி இல்லைங்க. ஆம்பளையோடதுன்னு மரபணு சோதனையில தெரியுது. அதுல சந்தேகப்படுற மாதிரி இருக்கு. யாரோடதுன்னு சொல்லுங்க, உடனே பாக்கணும்.”

செல்வி என் பக்கம் திரும்பினாள். “நான்தாங்க துப்பினேன்” என்று ஒப்புக்கொண்டேன்.

பெரம்பலூரில் இருவரையும் சோதித்தார்கள். செல்விக்குப் புற்று இல்லை. உடைந்த கடைவாய்ப்பல் குத்திக் குத்தி வந்த புண் அது. பல்லைப் பிடுங்கியதும் ஆறிவிட்டது. என் நாக்கின் அடியில்தான், வலியே இல்லாமல், ஒரு வெள்ளைத் திட்டு. சதையை எடுத்துப் பார்த்தார்கள். புற்று, ஆரம்ப நிலை. வெட்டி எடுத்துவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் குழறுகிறது, ஆனால் உயிரோடு இருக்கிறேன்.

எச்சில் கொடுத்ததால்தான் எனக்குப் புற்று வந்தது என்று ராஜாங்கம் அரும்பாவூர் வரை சொல்லித் திரிகிறார். அதற்கும் தலையாட்ட ஆள் இருக்கிறது. அந்தத் தலைகளுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் தேவலை.

நானும் செல்வியும் புகையிலையை விட்டுவிட்டோம். வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிறோம். நான் ஒருத்தியின் உயிரைத்தான் கேட்டேன். தாய் இரண்டாகக் கொடுத்தாள். நீங்களும் அவளை நம்புங்கள், முழுதாக நம்புங்கள். ஆனால் அவள் அனுப்பும் ஆளை வாசலோடு விரட்டிவிட்டு, ஆத்தா கைவிட்டுவிட்டாள் என்று அழாதீர்கள். நான் அப்படி அழவிருந்தவன்.