முச்சந்தியில் காய்ந்த எலுமிச்சை

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் நாலு நாள் ஒருவரும் முச்சந்திப் பக்கம் போகாததற்கு இந்த லோகேஸ்வரிதான் காரணம் என்று இன்றுவரை சொல்லித் திரிகிறார்கள். சொல்லட்டும். நான் வாயைத் திறந்தால் கடைசி லயன் வீடுவரை கேட்கும், அது உண்மைதான். ஆனால் வெட்டிய எலுமிச்சையில் சிவப்பாக எதையோ தடவி முச்சந்தியில் வரிசையாகப் பரப்பியது நானா? என் பக்கத்து வீட்டு மரியகொரெட்டி அக்கா!

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சுங்கை காடுட்டில் ஒரு கையுறை ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாக நின்றபடியே வேலை. முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், பஸ்ஸில் ஏறும்போது மாதாவைக் கூப்பிடுவார். வேலை இல்லாத நாளில் மிளகாய் எலுமிச்சைப் பொடி இடிப்பார். வெட்டிய கொய்யாவிலும் அன்னாசியிலும் அதைத் தூவிக் கொடுத்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. பாரோயில் பழம் வெட்டி விற்கும் சீனக் கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், அதை ருசி பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் முப்பது பாட்டில் வேண்டும், விற்பனை ஓடினால் வாராவாரம் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். வாராவாரம் எடுத்தால் அக்கா ஃபேக்டரிக்கு முழுக்குப் போட்டுவிடலாம். ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

அவர் பக்குவமே வேறு, அப்போதெல்லாம் அதை யாருக்கும் காட்டமாட்டார். சாற்றைப் பிழிந்து கல்லுப்பில் விட்டுக் குழைத்துக் காய வைப்பார். சாறு போன எலுமிச்சை மூடிகளை வீசமாட்டார். உள்பக்கம் மிளகாய்த்தூளும் உப்பும் தேய்த்து, நாலு வெயில் காட்டி, மொறுமொறுவென்று ஆனதும் சீனியோடு சேர்த்து இடிப்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் தவணையைக் கொல்லையில் பரப்பினார். அங்கே செம்பனை நிழல் விழுந்துவிட்டது. போதாததற்குப் பன்னிரண்டு மூடிகளைக் காணோம். ஆறு வருஷமாக இதே கதைதான், எடுப்பது யார் என்று மட்டும் தெரியவில்லை.

நாள் முழுக்க வெயில் விழும் இடம் எங்கள் தோட்டத்தில் ஒன்றே ஒன்று. முச்சந்தியில், முன்பு காலையில் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டு நடந்த சிமெண்டுத் தரை. திங்கட்கிழமை விடிந்ததும் அக்கா அங்கே வாழை இலை விரித்து மூடிகளை அடுக்கிவிட்டு வந்துவிட்டார். அதே ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள் நான். முச்சந்தி, வாழை இலை, அறுத்த எலுமிச்சை, உள்ளே ரத்தச் சிவப்பு. ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு செம்பனைக்குள் ஓடினேன். கால்வாயில் விழுந்து ஒரு செருப்பு போனது. போகிற வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் யாரோ கழிப்புக் கழித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பின்னே, சொல்லாமல் இருப்பேனா?

அதோடு முச்சந்தி வெறிச்சோடியது. மோட்டார் சைக்கிள்கள் சுற்றிப் போயின. அந்தி சாய்ந்ததும் எலுமிச்சை காணாமல் போய், விடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்ததில், தூர நின்று பார்த்த ஆண்பிள்ளைகளே அரண்டு போனார்கள். கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் திங்களன்றே போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். வயிறு எரிகிறதாம், சோறு இறங்கவில்லையாம்.

புதன்கிழமை அக்காவை எச்சரிக்கப் போனேன். "அக்கா, முச்சந்திப் பக்கம் போயிடாதீங்க. யாரோ செய்வினை வச்சிருக்காங்க."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "அடி கூறுகெட்டவளே, அது என் எலுமிச்சடி!"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "என் செருப்பு போச்சிக்கா! மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"மொத நாளு, ஊரு பயந்து கெடக்கறது எனக்கே தெரியாது. தெரிஞ்சப்புறம் எதுக்கு சொல்லணும்? ஒன்னுகூட திருட்டுப் போகலலா! வெள்ளிக்கெழம வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டுதான் இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் முனியாண்டி அண்ணன் கம்பளியோடு எழுந்து, மம்பாவிலிருந்து ஒரு பூசாரியை அழைத்துவந்தார். அத்தனையையும் சாக்கில் வாரி ஆற்றில் விடவேண்டும் என்றார் பூசாரி. அக்கா வீங்கிய காலோடு ஓடி வந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சாமி, தொடாதீங்க! அது என் சாமான். பொடிக்குக் காய வச்சது." சொன்னதோடு நிற்காமல் ஒரு மூடியை எடுத்துக் கடித்துத் தின்றும் காட்டினார்.

பூசாரி அசையவில்லை. "வச்சவங்கள அது ஒன்னும் பண்ணாதும்மா. வேற யாராச்சும் தின்னுட்டு உசுரோட நிக்கணும்."

என்னைப் பார்த்தார் அக்கா. நான் பொடியைத்தான் தின்றிருக்கிறேன், மூடியை இல்லை. எல்லாம் தெரிந்தும் அந்த நேரத்தில் எனக்குக் கை நீளவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பூசாரி சாக்கை விரித்தார். அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம என் கொல்லையில பன்னெண்டு காணாமப் போச்சி," என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "எடுத்தவங்க யாரா இருந்தாலும் வாயத் தொறங்க. நா கோவிச்சுக்க மாட்டேன். என் பொழப்பு ஆத்துல போவுது."

பூசாரி முதல் கைப்பிடியை அள்ளினார்.

"அந்தக் கொல்லையில இருந்ததும் இதேதானா?" கம்பளிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இதேதாண்ணே."

"அப்ப நா சாவ மாட்டேனா?"

பூசாரியின் கை அப்படியே நின்றது. முனியாண்டி அண்ணனின் மனைவி புஷ்பவள்ளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி மனுசா! பன்னெண்டையுமா தின்ன?"

"பதினொன்னுதான். ஒன்னு கீழ விழுந்துருச்சி." கம்பளியை உதறிவிட்டு அண்ணன் ஓவென்று அழுதார். பீருக்குத் தொட்டுக்க எடுத்தாராம். முச்சந்தியில் அதே சிவப்பைப் பார்த்ததும், செய்வினையைத்தான் தின்றுவிட்டோம் என்று நாலு நாளாகப் பட்டினி கிடந்திருக்கிறார்.

பூசாரி சாக்கை மடித்தார். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்ததில் எனக்கு விலா வலித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மூடியாக எடுத்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல்.

வெள்ளிக்கிழமை முப்பது பாட்டிலும் பாரோய்க்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை தவுக்கே போன் செய்து அறுபது கேட்டார். திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். ஃபேக்டரி பஸ் முச்சந்தியில் நின்று, வழக்கம்போல் அக்காவுக்காக ஹாரன் அடித்தது. சிமெண்டுத் தரையில் எலுமிச்சை பரப்பிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"போங்கலா, போங்க," என்று கையை ஆட்டினார். "எனக்கு இங்க வேல கெடக்கு."