பங்களாவிலிருந்து வந்த பொம்மை வீடு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு பொம்மை வீடும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் ஒரே லோரியில்தான் வந்து இறங்கினார்கள்.

அதுவரை அம்மா ஊருக்கு வெளியே, மேட்டின் மேலிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரையின் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள். மலாக்கா ஊருக்குள் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். என்னைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டதெல்லாம் அத்தைதான். அத்தையை ‘நீ’ என்று கூப்பிட்ட எனக்கு, அம்மாவிடம் ‘நீங்க’ என்றுதான் வாயில் வந்தது.

துரை குடும்பம் கப்பலேறியபோது, கொண்டுபோக முடியாத பொம்மை வீட்டைத் துரைசாணி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். சிவப்புக் கூரை போட்ட மாடி வீடு. முன்சுவர் அலமாரிக் கதவு மாதிரித் திறக்கும். உள்ளே விரற்கடை நாற்காலிகள், மேசை, மாடி ஜன்னலோரம் ஒரு சின்னக் கட்டில். குடியிருந்தது ஒரே ஒரு பெண் பொம்மை. கூடத்தில் கணப்பு அடுப்பு வேறு இருந்தது. மலாக்கா வெக்கையில் கூடத்தில் யார் நெருப்பு மூட்டுவார்கள்? நானும், வீட்டில் மலாய் பேசும் செட்டிகள் வாழ்ந்த கம்போங் செட்டியிலிருந்து விளையாட வரும் என் தோழியும் அதையே சமையல் அடுப்பாக்கிச் சோறு வடித்தோம்.

அம்மாவுக்கு எங்கள் வீட்டில் எதுவும் இருக்குமிடம் தெரியவில்லை. சீனி டின் எங்கே என்று அத்தையைத்தான் கேட்பாள். ஆனால் பொம்மை வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

சண்டை அந்தச் சின்னக் கட்டிலால்தான் வந்தது.

“காசியான்... தனியாவா தூங்கும்?” என்று தோழி பொம்மைக்காகப் பாவப்பட்டாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும்; பாவம் என்பதற்கு மலாயில் காசியான் என்பாள். எங்கள் இரண்டு வீட்டிலும் எல்லோரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பவர்கள். எனவே கட்டிலைக் கூடத்துக்கு இறக்கினோம். சாயங்காலம் பார்த்தால் கட்டில் மறுபடி ஜன்னலோரம்; பொம்மை மேல் அம்மாவின் கைக்குட்டை. மறுநாளும் அப்படியே.

“ஏன் இவள மேல போடுறீங்க? பயப்பட மாட்டாளா?”

“பயப்பட மாட்டா. ஜன்னல் பக்கம் முகத்த வச்சாத்தான் தூங்குவா.”

“இவ அம்மா எங்க?”

“அம்மாவோடதான் கப்பல்ல போய்ட்டா,” என்றாள் அம்மா. என் கேள்விக்கு அது பதிலாகவே இல்லை. பொம்மை என் கையில் அல்லவா இருந்தது!

எனக்குக் கோபம் பொங்கியது. “இது என் வீடு! நீங்க ஒண்ணும் தொட வேணாம். அத்தைகிட்ட சொல்லிடுவேன்!” என்று கத்திக் கட்டிலைப் பிடுங்கினேன். அம்மா அதட்டவில்லை. கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, “உன் வீடுதான்மா. உன் இஷ்டம்,” என்றாள்.

ஜெயித்தும் எனக்கு அழுகைதான் வந்தது. பொம்மை வீட்டின் பக்கத்திலேயே சிமெண்டுத் தரையில் கவிழ்ந்து படுத்துத் தேம்பினேன். அத்தை கடைக்குப் போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் யாரோ என் அருகே வந்து படுப்பது தெரிந்தது. முதுகில் ஒரு கை விழுந்தது. அத்தை பட்பட்டென்று தட்டுவாள். இந்தக் கை இரண்டு முறை தட்டி, ஒரு முறை தடவி, மறுபடி தட்டியது. கூடவே எனக்குத் தெரியாத மெட்டில் ஒரு முனகல்.

“அழாத கண்ணு. தூங்கு. ஆயா இங்கதான் இருக்கேன்,” என்றாள் அம்மா.

அம்மா என்று சொல்லவேண்டிய இடத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு இவ்வளவு நன்றாகத் தட்டிக்கொடுக்கத் தெரியுமா என்று வியப்பாக இருந்தது. யாரிடம் பழகினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கை நின்றுவிடக்கூடாதே என்று, தூக்கம் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் தேம்பினேன்.