எனக்குப் பின்னால் நடந்த பாஸ்கர்

ஒரு அசிங்கத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஜெராக்ஸ் கடை பாஸ்கர் இன்று காலை போய்விட்டான் என்று போன் வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது... இனிமேல் காட்டில் எனக்குப் பின்னால் யார் நடப்பார்கள்?

ஹார்ட் அட்டாக். என் வயசுதான். நேற்று சாயங்காலம்கூட வேங்கிக்காலில் அவன் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டு, கலெக்டர் ஆபீஸில் யாருக்கு டிரான்ஸ்ஃபர் என்று வம்பு பேசிக்கொண்டிருந்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையேறும் பைத்தியம் பிடித்த நாங்கள் இரண்டு பேரும், வனவிலங்கு ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஜவ்வாது மலைக்குப் போய் மரங்களில் கேமரா கட்டிவிட்டு வருவோம். எதிரே எது அசைந்தாலும் அது தானாகப் படம் எடுக்கும். சம்பளம் கிடையாது. முள் இலவசம்.

கட்டியதும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒருத்தர் அதன் முன்னால் நாலு காலில் தவழ வேண்டும். பாஸ்கருக்கு முட்டி வலி. அதனால் கரடி வேஷம் எப்போதும் எனக்குத்தான்.

"இடுப்ப ரொம்ப ஆட்டாதடா. புது மிருகம்னு எழுதிடப் போறாங்க."

போன வருஷம் ஒருமுறை மெமரி கார்டைக் கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவன், இரண்டு படங்களை பிரிண்ட் எடுத்து, ஓரத்தை நறுக்கி, லேமினேட் பண்ணி நீட்டினான். முதல் படத்தில் நான் தவழ்கிறேன். அடுத்ததில் அதே இடத்தில் நிஜக் கரடி. மூலையில் இருந்த மணியைப் பார்த்தேன்... கால் மணி நேரம்தான் வித்தியாசம்.

அப்படியென்றால் நான் தவழ்ந்தபோது அது பக்கத்துப் புதரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பங்காளி வந்திருக்கான்னு பாக்க வந்திருக்கும். நீ இனிமே முன்னால போ, நான் பின்னால வரேன். புடிச்சா மொதல்ல என்னத்தான புடிக்கும்?"

அன்றிலிருந்து சருகு அசைந்தாலே என் கால் நின்றுவிடும். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "நடடா. நான் இருக்கேன்ல."

ஒருமுறை பன்றி ஒன்று குறுக்கே ஓடியதற்கு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இரண்டு பட்டனைப் பிய்த்துவிட்டேன். அந்தச் சட்டையைக் கடையில் மாட்டி வைத்து, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னான்.

இன்று அவனுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் மனைவி கேட்டது: "ஞாயித்துக்கெழம நீங்க மட்டுமா போவீங்கண்ணா? அவரு ஷூவ தொடச்சி வச்சிட்டாரு."

மூன்று கேமராக்கள் இன்னும் மரத்தில் இருக்கின்றன. மழைக்கு முன்னால் கழற்ற வேண்டும். "போறேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

சரிடா பாஸ்கர்... ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நீ வருகிறாய் என்றே நடக்கிறேன்.

பி.கு: இந்தப் பதிவில் போட அவன் படம் கேட்டிருந்தேன். ஆராய்ச்சிப் பெண் பழைய படங்களை மொத்தமாக இப்போதுதான் அனுப்பினாள். அந்தக் கரடியும் இருக்கிறது. அவன் நறுக்கிய ஓரத்தில் தேதி இருக்கிறது.

கரடி வந்தது, நான் தவழ்ந்ததற்கு அடுத்த வாரம்.