விசாவுக்குப் பூசிய மருந்து

என் தம்பியின் மனைவி சத்தியபாமாவுக்குப் பயம் கூடப் பிறந்தது. கடலிலே நேவிப் படகு தெரிந்தால் அடுப்பிலே கொதிக்கிற கறியை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அது நியாயமான பயம். எங்கள் ஊர் சரவணை முழுக்கத்தான் ஓடியது. ஆனால் வாசல் படலையிலே சைக்கிள் மணி கேட்டாலும் அவளுக்கு நெஞ்சு இடிக்கும், தந்திக்காரனாம். பிள்ளை இரண்டு தரம் தும்மினால் சளிக்காய்ச்சல் என்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொன்னவன் இவளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மற்றபடி தங்கமான மனுஷி. மண்கும்பானிலே புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். விடியக் கிணற்றிலே பனையோலைப் பட்டை பிடித்துத் தண்ணீர் இறைப்பாள், ஆட்டுக்குக் குழை வெட்டுவாள், நான் பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குப் புட்டும் சம்பலும் கட்டித் தந்துவிடுவாள். நான் ஊர்காவற்றுறையிலே படிப்பிக்கிற ரீச்சர், கலியாணம் கட்டாதவள், வாய்க்காரி. எங்கள் இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்து ஒரே வீட்டிலே விட்டவன் என் தம்பி மயில்வாகனம்.

தெற்கிலே ஒரு பட்டணத்தில் அவனுக்குக் கடை இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்திலே அதை எரித்தார்கள். உடுத்த உடுப்போடு கப்பலிலே வந்து சேர்ந்தவன், அடுத்த வருடம் ஜேர்மனிக்குப் போய்விட்டான். போகும்போது சத்தியபாமா மாசமாக இருந்தாள். நளாயினி பிறந்ததைப் படத்திலேதான் அவன் பார்த்தான். எப்படியாவது இரண்டு பேரையும் தன்னிடம் எடுக்க வேண்டும் என்று அங்கே அலைந்தான். இங்கே இவள், பிள்ளையைத் தகப்பன் கையிலே கொடுக்கிற நாளை நினைத்தே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நளாவுக்கு ஒரு வயது நிரம்பமுன்பே கரப்பான் என்கிற தோல் வருத்தம் வந்துவிட்டது. கன்னம், முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் சிவந்து, சொரிந்து சொரிந்து நீர் கசியும். கத்தரிக்காயை நிறுத்தினோம், நண்டை நிறுத்தினோம், நயினாதீவு அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்தோம். கடைசியில் என் அரியண்டம் தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டொக்டர் பரராசசிங்கம் பிள்ளையை மடியிலே வைத்துப் பார்த்துவிட்டு ஒரு பூச்சு மருந்து கொடுத்தார்.

"பயப்படாதையும் பிள்ளை, இது நல்ல மருந்து. ஆனா அளவு இருக்கு. சிவந்த இடத்திலை மாத்திரம் மெல்லிசாய்த் தடவும். காலமையும் பின்னேரமும் காணும். சிவப்பு அடங்கினா நிப்பாட்டிப்போட்டுத் தேங்காயெண்ணெய் பூசும். கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போகாதையும். பூசின இடத்தை மூடிக் கட்டக் கூடாது. வேறை ஆரும் தாற மருந்தைத் தொடவே கூடாது, விளங்குதே?"

"ஓம் ஐயா. எப்ப முழுக்க மாறும்?"

"வளர வளரக் குறையும். அதுமட்டும் வரும், போகும்."

மருந்து வேலை செய்தது. கொஞ்ச நாளிலேயே பிள்ளை சொரியாமல் நித்திரை கொண்டாள். பிறகு மழை தொடங்க ஒருக்கால் சிவந்தது, பூச அடங்கியது. டொக்டர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. ஆனால் "வரும், போகும்" என்ற அந்தச் சொல்லுத்தான் சத்தியபாமாவின் தொண்டையிலே முள்ளாக நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு ஜேர்மன் எம்பசியிலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. வீட்டிலே சந்தோசம் ஒரு பகல் நின்றிருக்கும். பின்னேரம் பின்வளவு வீட்டுச் செல்லாச்சி வந்தாள். இரண்டு மகன்மாரைப் பாரிசுக்கு அனுப்பியவள். ஆகவே விசா விஷயத்தில் அவள் வாய் திறந்தால் எங்கள் ஒழுங்கை வீடுகளிலே அது சட்டம். நளாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ பிள்ளை, உதோடையே கொண்டு போகப் போறாய்? அங்கை பிள்ளையளின்ரை உடுப்பைக் கழட்டிப் பாக்கிறவங்களாம். சொறி சிரங்கு கண்டா விசா இல்லையாம். தொற்று வருத்தமெண்டு எழுதிப்போடுவாங்கள்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று நான் கேட்டேன்.

"ஊரே சொல்லுது!"

ஊர் சொல்லுமாம்! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் அவளைத் திட்டி அனுப்பினேன். ஆனால் போகிற போக்கிலே அவள் இன்னொன்றையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவளுடைய மனுஷனுக்குக் காலிலே தோல் தடித்து வெடித்திருந்ததற்குப் பட்டணத்து மருந்துக்கடையிலே ஒரு குழாய் மருந்து வாங்கினார்களாம். டொக்டர் துண்டும் தேவையில்லையாம், கேட்டால் கொடுப்பார்களாம். பூசின மறுநாளே கால் கண்ணாடியாம்.

எருமைத்தோல் மாதிரித் தடித்த ஒரு கிழவன் காலுக்குக் கொடுத்த மருந்தை என் தம்பியின் பிள்ளைக்குப் பூசத் தொடங்கினாள் சத்தியபாமா. மெல்லிசாகவா? சந்தனம் அப்புவது போல. கன்னத்துக்கும் பூசினாள், கழுத்துக்கும் பூசினாள். நான் கண்டது ஒரு கிழமைக்குப் பிறகு. குழாயைப் பறித்துக் குப்பைக் கிடங்கிலே எறிந்தேன்.

"உமக்கென்ன விசரே? டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவரெல்லே?"

"அவர் வரும் போகும் எண்டவர், மச்சாள். நேர்முகத்தண்டைக்கு வந்திட்டா? இவளின்ரை அப்பா அங்கை தவமிருக்கிறார். நான் என்னத்தைச் சொல்லுறது அவருக்கு?"

"பிள்ளையைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு சொல்லுமன்!"

அவள் அழுதாள். இனிப் பூசமாட்டேன் என்று பிள்ளையின் தலையிலே கைவைத்துச் சத்தியமும் செய்தாள். நான் நம்பினேன். அடுத்த முறை பட்டணம் போனபோது இன்னொரு குழாய் வாங்கி, அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இதிலே இன்னொரு கூத்து. புகையிலையை அடுக்கி, இறுக்கி மூடிப் பதம் வரப் பாடம் போடுகிற வீட்டிலே வளர்ந்தவள் அவள். எதையும் காற்றுப் படாமல் மூடினால்தான் சாரம் உள்ளே இறங்கும் என்பது அவர்களுடைய இரத்தத்திலே ஊறின புத்தி. ஆகவே பூசின இடத்தைப் பழஞ்சேலைத் துண்டாலே சுற்றி, அதற்குமேல் பொலித்தீன் பையையும் வெட்டிக் கட்டிவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போனபின் கட்டுவாள், வருமுன் அவிழ்ப்பாள்.

பிள்ளை பளபளத்தாள். ஒழுங்கையிலே எல்லோரும் "எங்கடை நளாக்குட்டி தங்கப்பவுண் மாதிரி" என்றார்கள். கன்னமும் பூரித்தது. நேர்த்திதான் பலித்தது என்று நானும் நினைத்தேன். முழங்கை மடிப்பிலே தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. லேசாக இடித்தாலும் கன்றிப்போனது. "வெள்ளைத் தோல், அதுதான்" என்றாள் தாய்.

நேர்முகத்துக்கு வெளிக்கிட இருந்தபோது வவுனியாப் பக்கம் சண்டை என்று கொழும்புப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். தேதி கடந்தது. வேறு தேதி வரும் என்றார்கள், எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சத்தியபாமா பூசிக்கொண்டே இருந்தாள். குழாய் முடிய முடிய வாங்கினாள். மாதங்கள் போயின. பாதை பூட்டினதாலே மருந்துக்கடைக்கும் சாமான் வரவில்லை. கடைசிக் குழாயும் முடிந்தது. மறு குழாய் இல்லை.

நிறுத்தின சில நாளிலே பிள்ளையின் முகம் வீங்கிச் சிவந்தது. தொட்டால் நெருப்பு. முழங்கை மடிப்பிலே மஞ்சளாகச் சீழ்ப்பொருக்கு. ஒரு சனிக்கிழமை காலை காய்ச்சல் ஏறிக் குடித்த பாலைச் சத்தி எடுத்தாள். மத்தியானம் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. துணி மாதிரித் துவண்டு கிடந்தாள்.

அரியநாயகத்தின் வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழி முழுக்கச் சத்தியபாமா "அம்மாளாச்சி, அம்மாளாச்சி" என்று முணுமுணுத்தாள். நான் பிள்ளையின் மூக்கிலே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வாய்க்காரி என்ற பெயரெல்லாம் அன்றைக்குக் கடலோடு போய்விட்டது.

டொக்டர் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து தாயைப் பார்த்தார்.

"என்ன பூசினனீர்?"

"நீங்கள் தந்ததுதான் ஐயா."

"நான் தந்ததாலை தோல் உப்பிடி மெலியாது. உள்ளதைச் சொல்லும். எனக்குத் தெரிஞ்சால்தான் பிள்ளைக்குச் செய்யலாம்."

"வேறை ஒண்டும் இல்லை ஐயா. நயினை அம்மாளாச்சியாணை இல்லை."

பொய்! அவள் கண் அங்குமிங்கும் ஓடின விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஏன் பொய் சொன்னாள் என்று பிறகு கேட்டபோது சொன்னாள்: ஆஸ்பத்திரித் துண்டிலே எழுதிவிட்டால் எம்பசிக்குத் தெரிந்துவிடுமாம். பிள்ளை உயிருக்கு இழுக்கிற நேரத்திலும் அந்தப் பாழாய்ப்போன விசாதான் அவள் தொண்டையைப் பிடித்திருக்கிறது.

நான் அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லடி! பிள்ளை செத்தா ஆரைக் கூட்டிக்கொண்டு ஜேர்மனிக்குப் போவாய்?"

அவளை நான் 'டி' போட்டுப் பேசினது அதுதான் முதல்தரம். அவள் சட்டைக்குள்ளே கையை விட்டு, ஒட்ட ஒட்டப் பிதுக்கின குழாயை எடுத்து மேசையிலே வைத்தாள். வேறு கடையிலே காட்டி அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம் என்று கொண்டு திரிந்திருக்கிறாள். பிறகு எல்லாம் வந்தது: எத்தனை மாதம், எவ்வளவு, பொலித்தீன் கட்டு, எல்லாம்.

டொக்டர் ஏசவில்லை. தாதியைக் கூப்பிட்டு ஏதோ ஊசிமருந்து கேட்டார், கையிலே சேலைன் ஏற்றினார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மூடிக் கட்ட மருந்து தோலோடை நிக்காமல் உள்ளுக்கை இறங்கிப் போச்சு. உதைப்போலை ஒண்டை உடம்பு தானாய்ச் சுரக்கும். வெளியிலை இருந்து வருகுதுதானே எண்டு அது படுத்திட்டுது. நீர் டக்கெண்டு நிப்பாட்ட, அதுவும் இல்லை, இதுவும் இல்லை. மெலிஞ்ச தோலுக்குள்ளாலை கிருமியும் பூந்திட்டுது. குழாயைக் காட்டியிராட்டி நான் வெறும் காய்ச்சலுக்குத்தான் பாத்திருப்பன்."

விடியும்வரை ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். கட்டிலின் இரண்டு பக்கமும் இருவரும் இருந்தோம். அவளைப் பார்த்தால் கொன்றுவிடுவேன் போல, நான் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை நளா கண்ணைத் திறந்து "மாமி, தண்ணி" என்றாள். தாயைக் கேட்காமல் என்னைக் கேட்டது சத்தியபாமாவுக்கு உறைத்திருக்கும். உறைக்கட்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதன்பிறகு சத்தியபாமாவுக்கு இதற்கு நேர்மாறான பயம் பிடித்தது. எந்தப் பூச்சு மருந்தையும் பிள்ளையின் உடம்பிலே தொடவிடமாட்டேன் என்று நின்றாள். சிவந்து கிடந்த பிள்ளை சொரிந்து அழுதது.

"மருந்து என்ன பிழை செய்தது?" என்றார் டொக்டர். "இப்ப ஒரேயடியாய் விடவும் ஏலாது. குறைஞ்ச மருந்தாலை மெல்ல மெல்ல இறங்குவம். எனக்கு முன்னாலை பூசும் பாப்பம்."

விரல்நுனியிலே ஒரு பொட்டு எடுத்து, சிவந்த இடத்திலே தடவினாள். "இவ்வளவும் காணுமோ ஐயா? கூடிப்போச்சோ?" என்று நாலு தரம் கேட்டாள். காணும், காணும் என்று அவரும் நாலு தரம் சொன்னார்.

பாதை திறந்து புதுத் தேதி வந்தபோது நளா தேறியிருந்தாள். ஆனால் கரப்பான் இருந்தது. கன்னத்திலே சிவப்பு, முழங்கை மடிப்பிலே சொரிந்த தழும்பு. வெளிக்கிடுகிற அன்று செல்லாச்சி எட்டிப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையிலே திரும்பிப் போய்விட்டாள். சத்தியபாமா பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை போட்டாள், பிறகு கழற்றினாள், பிறகும் போட்டாள். கொழும்பு போய்ச் சேரும்வரை அவள் வாயிலே பச்சைத் தண்ணீர் படவில்லை.

எம்பசியிலே ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். பக்கத்திலே தமிழ் மொழிபெயர்ப்பாளர். இவளுடைய தீவுத் தமிழ் அவருக்கு விளங்காமல் போனால் உதவட்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். கலியாணப் படத்தைப் பார்த்தான், பதிவுத் துண்டைப் பார்த்தான், மாப்பிள்ளைத் தோழன் யார், எந்தக் கோயில், என்ன சாப்பாடு என்று கேட்டான். சத்தியபாமா பதில் சொன்னாள், ஆனால் கண் அவன் கையிலேயே இருந்தது, எப்போது பிள்ளைப் பக்கம் நீளும் என்று. அவன் கடதாசிகளை அடுக்கி, பேனையை மூடினான். அவளுக்குப் பொறுக்கவில்லை. திடீரென்று எழும்பி, நளாவின் சட்டைக் கையை உயர்த்தி அவன் முகத்துக்கு முன்னாலே நீட்டினாள்.

"ஐயா, இது கரப்பான். தொற்றாது. டொக்டர் துண்டு தந்தவர். நான் ஒளிக்கேல்லை ஐயா."

வெள்ளைக்காரன் விழித்தான். மொழிபெயர்ப்பாளரோடு ஏதோ பேசினான். அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளையின்ரை கையை ஏன் காட்டுறீங்கள் எண்டு கேக்கிறார். இங்கை பிள்ளையளை ஒருத்தரும் பாக்கிறேல்லை, அம்மா. எல்லாம் சரி, நீங்கள் போகலாம்."

வெளியே வந்து மதிலோரம் நடந்தோம். பத்தடி போகவில்லை, சத்தியபாமா அப்படியே நடைபாதையிலே குந்திவிட்டாள். சனம் விலகி விலகிப் போனது.

"ஒருத்தரும் பாக்கிறேல்லையாம், மச்சாள்," என்றாள். "ஒருத்தரும் பாக்காததுக்கு நான் என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தனான்."

எனக்கு அவளைத் திட்ட வாய் நிறைய இருந்தது. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். பிள்ளையை அவள் மடியிலே இருத்திவிட்டு, பக்கத்திலே நானும் குந்தினேன்.