பல் டாக்டர் சுவரில் ஒரு தெரு

இசக்கியம்மாள் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தவள். கணவர் அருளுக்கு மைன்ஸில் ஷிப்டு வேலை. நைட் ஷிப்டு முடிந்து வந்தால் பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் சத்தம் கூடாது. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன வருஷம், சத்தம் போடாமல் செய்யக்கூடியது என்று படம் வரைய ஆரம்பித்தாள்.

வரைந்ததெல்லாம் குவார்ட்டர்ஸ் தெருக்கள். மத்தியான வெயில், முருங்கை மரம், சாத்திய கேட். ஒரு படத்திலும் ஆள் கிடையாது.

கட்டிலுக்கடியில் இடம் போதாமல் போனபோது, நாலு பேர் பார்க்கட்டுமே என்று தோன்றியது. டவுன்ஷிப் ஓவியக் கண்காட்சிக்கு எடுத்துப் போனாள்; பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். மந்தாரக்குப்பத்து பேக்கரிக்காரர், சாமி படமாக இருந்தால் மாட்டலாம் என்றார். பல் டாக்டர் வைத்திலிங்கம் மட்டும், "சுவர் சும்மாத்தாம்மா இருக்கு, மாட்டிக்குங்க" என்றார். சாத்திய கேட்டோடு ஒரு தெருப் படத்தை மாட்டினாள். அடியில் பெயர் எழுதச் சொல்லவில்லை. அவளும் எழுதவில்லை.

அடுத்த வாரம், யாராவது பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, பல்வலி என்று சொல்லி டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தார்கள். ஒருவர் எண்ணெய்த் தலையைப் படத்தின் சட்டத்தில் சாய்த்துத் தூங்கினார்.

பக்கத்தில் பண்ருட்டிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டுக் கறுத்த விரல்களோடு. வெகுநேரம் படத்தையே பார்த்திருந்தவள் சொன்னாள்:

"அந்த வூட்டுக்குள்ள ஆளு இருக்குதுங்க. தூங்கிக்கினு இருக்காங்க. அதான் கேட்ட மெதுவா சாத்தி வெச்சிருக்காங்க."

இசக்கியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். பேச வாயெடுப்பதற்குள் அந்த அம்மாளின் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சோடு அவள் வெளியே வந்ததும் இவள் எழுந்தாள்.

"அந்தப் படம் நான் வரைஞ்சதுங்க."

அந்த அம்மாள் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். தலையை ஆட்டினாள். புரிந்து ஆட்டினாளா, வலியில் ஆட்டினாளா தெரியவில்லை. பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்துவிட்டாள்.

அன்று பல் டாக்டரிடம் நடந்ததை அருளிடம் சொன்னபோது, "பல்லுல என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

2018இல் அவர் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் அவள் ஒருமுறை பல் டாக்டரிடம் போனாள். படத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்திருந்தாள். அதன் கீழே ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். உட்காரத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவர் இடம்விட்டார். அவள் நின்றபடியே அந்தச் சாத்திய கேட்டைப் பார்த்துவிட்டு, படத்தை எடுக்காமல் வெளியே வந்தாள்.