கழுவி வைத்த இன்ஜின்

இரண்டு வருடங்களுக்கு முன்பு கார்த்திகை மாதம். அடைமழை ஓய்ந்து, மேற்கு மாம்பலம் தெருக்களில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நடந்த கதை இது.

நான் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சின்ன டிரைவிங் ஸ்கூல்தான். ஒரே ஒரு பழைய கார். முதல் வகுப்பிலேயே எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவிடுவேன்: இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் சாவியைத் தொடக்கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரில் மூழ்கி நின்ற என் காரில், ஒரே ஒரு தடவை பார்ப்போமே என்று சாவியைத் திருகினேன். உள்ளே ‘டங்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி படுத்துவிட்டது. பால்கனியில் நின்ற என் கணவர், “டீச்சரே முதல் பாடத்துல ஃபெயிலா?” என்றார். நான் பார்த்த பார்வையில் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

வண்டி போனதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அப்போது என்னிடம் ஒரு பெண் கற்றுக்கொண்டிருந்தாள். கூவம் ஓரத்தில் இருந்த வீட்டைக் காலி செய்யவைத்து, ஊர்க்கோடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணி வகுப்புக்கு ஆறே முக்காலுக்கே வந்து நிற்பாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் அவள் சமையல் வேலை பார்த்த வீட்டிலேயே, லைசென்ஸ் வாங்கி வந்தால் டிரைவராக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவளுக்கு டெஸ்ட். அதை விட்டால் ஓட்டிப் பழக வாங்கிய எல்.எல்.ஆர். காலாவதியாகிவிடும், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். வேறு கார் இரவல் வாங்கலாம் என்றால், எனக்குத் தெரிந்த ஸ்கூல்காரர்கள் எல்லோருடைய கதையும் அந்த வாரம் என் கதைதான்.

எங்கள் மெக்கானிக் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அவருடைய ஷெட்டில் நனைந்த கார்கள் அடைத்துக்கொண்டு நின்றதால், சங்கிலியும் சாமான் பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கே வந்து இன்ஜினை இறக்கினார். திறந்து பார்த்தால் பிஸ்டனைத் தாங்குகிற ராடு ஒன்று வளைந்து, இன்ஜினின் உடம்பான பிளாக்கையே விரிசல் விட வைத்திருந்தது. புதுச் சாமான் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மனுஷன் நாலு நாள் பழைய வண்டிக் கடை ஒன்று விடாமல் அலைந்து, பின்பக்கம் நசுங்கிப்போன அதே மாடல் கார் ஒன்றைப் பிடித்தார். அதிலிருந்து பிளாக், பிஸ்டன், நாலு ராடு. எங்கள் காரிலிருந்து மிச்சம். “பாதி உன் வண்டி, பாதி செத்த வண்டி. ரெண்டும் சேந்து எப்டி ஓடுது பாரு மேடம்” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. தரையில் செய்தித்தாளை விரித்து அந்த நாலு ராடுகளையும் வைத்திருந்தார். ராடின் அடிப்பக்கம் இரண்டாகக் கழன்று வரும். கழன்று வருகிற பாதி ஒரு மூடி மாதிரி இருக்கும். அந்தந்த ராடுக்குப் பக்கத்தில் அதனதன் மூடி. மேலே சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று நம்பர். வகுப்பு இல்லாவிட்டாலும் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அந்தப் பெண் வந்திருந்தாள். இன்ஜினின் உள்ளே இருப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “அண்ணே, போட்டோ எடுத்துக்கலாமா? தொடமாட்டேன். வூட்ல பசங்களுக்குக் காட்டணும்” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். குனிந்தும் நிமிர்ந்தும் ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவரும் கிராங்கைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார். இந்த ராடுகள் எல்லாம் பிடித்துக்கொண்டு சுற்றுகிற தண்டுதான் கிராங்க்.

நான் தனியாக நின்றேன். செய்தித்தாள் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எனக்குக் கை சும்மா இருக்குமா? பாவம், நமக்காக இவ்வளவு அலைகிறார், நாமும் ஒரு கை கொடுப்போமே என்று ஒரு நல்லெண்ணம் வேறு. முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பு, தேங்காய் நார். தேய் தேய் என்று தேய்த்து, பழைய டவலால் துடைத்து, துருப்பிடிக்கக் கூடாதே என்று தேங்காய் எண்ணெய் தடவி, சுத்தமான துணி விரித்து அடுக்கினேன். ராடுகள் ஒரு வரிசை, மூடிகள் ஒரு வரிசை. வெள்ளிக்கிழமை தேய்த்து வைத்த பூஜைப் பாத்திரம் தோற்றது! மெக்கானிக் வந்து பாராட்டப்போகிறார் என்று காபிக்கு டிகாஷன்கூட இறக்கி வைத்துவிட்டேன்.

மத்தியானம் வந்தவர் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னா மேடம் இது?”

“கழுவி வெச்சேன்” என்றேன் பெருமையாக.

“நம்பரு?”

சாக்பீஸ் நம்பரும் சோப்போடு போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அங்கே நின்ற ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். ஒரு மூடி அதனுடைய ராடுக்கு மட்டும்தான் பொருந்துமாம். பார்வைக்கு நாலும் ஒன்றுபோல் இருக்கும். ஜோடி மாற்றிப் போட்டால் இன்ஜின் இறுகி நின்றுவிடும், இல்லாவிட்டால் ஓடுகிறபோது உடையும். வேறு செட் தேட நாள் இல்லை. “கம்பெனி நம்பர் தேஞ்சு பூட்ச்சு. புள்ளி குத்தலாம்னா குத்துற உளிய ஷெட்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன். என் மேலயும் தப்பு கீது மேடம்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். இப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் சொல்லத்தானே வேண்டும்? போன் செய்தேன். டெஸ்ட் நடக்காது என்று சொல்ல வாய் வரவில்லை. சோப்பு, சாக்பீஸ், மூடி என்று என்னென்னவோ உளறினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “அழாதக்கா. அதான் போட்டோ கீதே” என்றாள்.

அட கடவுளே! படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மெக்கானிக்கும் நானும் தரையில் குந்தி, போன் திரையை விரலால் விரித்து விரித்துப் பார்த்தோம். என் கணவர் பூதக்கண்ணாடியோடு இறங்கி வந்தார். ஒரு மூடியில் குறுக்கே ஒரு நீளக் கீறல். ஒன்றில் மூலை பெயர்ந்திருந்தது. இன்னொன்றில் சூட்டில் நீலம் பாய்ந்த ஒரு திட்டு. ராடுகளிலும் அப்படியே ஆளுக்கொரு வடு. என் சோப்பும் நாரும் இவை எதையும் அழித்திருக்கவில்லை. “புது சாமானா இருந்தா அம்பேல் மேடம். அடிபட்ட சாமானா கீதே, அதான் தப்ச்சோம்” என்றார் மெக்கானிக்.

மூன்று ஜோடி சேர்ந்துவிட்டது. நாலாவது எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை. கடைசிப் படம் செல்ஃபி. நாலாம் நம்பர் இருந்த இடத்தில் அவள் கன்னம்தான் பெரிதாகத் தெரிந்தது. மிச்சம் இருப்பது ஒரு ராடு, ஒரு மூடி, ஆகவே அது தானாகவே ஜோடி என்று என் கணவர் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உருப்படியான விஷயம்.

மெக்கானிக் ஒவ்வொரு ஜோடியாகக் கிராங்கில் மாட்டி, போல்ட்டை முறுக்கி, விரலால் தள்ளிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டாவது, மூன்றாவது, சுற்றியது. நாலாவதை மாட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். “கண்ணத் தொற மேடம், சுத்துது” என்றார். ஆறிப்போன காபியை மூன்று பேரும் அப்படியே குடித்தோம்.

வியாழக்கிழமை மத்தியானம் இன்ஜின் உயிர் பெற்றது. வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டுவிட்டு, திருகாமல், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, “தொடலாமாக்கா?” என்றாள். அந்த நேரத்திலும் என்ன கொழுப்பு பாருங்கள்! முதல் திருகலில் வண்டி கிளம்பியது. அவள் பாஸ். இப்போது அடையாறு சிக்னலில் பெரிய காரிலிருந்து எனக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறாள்.

எங்கேயாவது யாராவது எதையாவது பரப்பி வைத்திருந்தால் இன்றைக்கும் என் கை பரபரக்கத்தான் செய்கிறது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, “தொடலாமா?” என்று கேட்டுவிடுகிறேன். ஒரு போட்டோ எடுப்பதற்கே அவள் கேட்ட அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள, டீச்சரான எனக்கு நாற்பத்தேழு வயதும் ஒரு முழு இன்ஜினும் தேவைப்பட்டிருக்கிறது.