என் வீட்டுக்காரர் சோவியத் கர்னலான சாயங்காலம்

என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் நூல் நூற்றவர். அவர் சோவியத் குதிரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்ததும், படிப்படியாகக் கர்னல் வரை உயர்ந்ததும், சாரம் என்கிற எங்கள் ஊரில் மூங்கில் கட்டிப் போட்ட மேடையில் ஒரே சாயங்காலத்தில் நடந்து முடிந்தன. அதுவரை அவர் ஏறி ஓட்டிய ஒரே வாகனம் சைக்கிள்தான். அதிலிருந்தும் விழுந்திருக்கிறார்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சாரத்துப் படிப்பகத்துக்கு ருஷ்யப் புத்தகங்கள் தமிழில் வரும். அதில் ஒன்று, ஒரு குதிரைப்படை அதிகாரியின் வாழ்க்கை. பண்ணையார் லாயத்தில் சாணம் அள்ளியவன் செஞ்சேனையில் சேர்ந்து, பெரிய அதிகாரியாகிறான். இவர் அதைப் படித்த நாளிலிருந்து நிலைகொள்ளவில்லை. மில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகமாகப் போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு ஆறாவது மாதம். தலைப்பிரசவத்துக்கு எந்த வீட்டில் படுப்பது என்றே தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருக்க, இந்த மனுஷனுக்குக் குதிரை கேட்கிறதா?

விஷயம் இதுதான். என் அப்பா பிரெஞ்சுப் படையில் சண்டைக்குப் போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என் வீட்டுக்காரரோ செங்கொடி பிடித்து, பிரெஞ்சுக்காரனே போ என்று ஊர்வலம் போனவர். தலைதீபாவளியன்று இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "வெள்ளக்காரன்கிட்ட கூலி வாங்கிக்கினு சண்ட போட்டவங்கதான மாமா நீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

"இந்த ஆளு இனிமே என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார்.

நான் மட்டும் போய் வரலாமாம். "புருஷன் வர முடியாத வூட்டுல நான் புள்ள பெத்துக்க மாட்டேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். அப்பாவின் ரத்தம்தானே எனக்கும்! நடுவில் அம்மாதான் இரண்டு பக்கமும் ஓடி ஓடி அழுதாள்.

நாடகத்தன்று ஜட்கா ஓட்டும் பாய் ஒருவர், வண்டியை அவிழ்த்து நிறுத்திவிட்டுக் குதிரையை மட்டும் கொண்டுவந்தார். அது எல்லோரையும்விட நன்றாக நடித்தது. என் வீட்டுக்காரர் அதன்மேல் ஏறும்போது பாய் கீழே நின்று முட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் தோளில் ஒரு சிவப்புத் துணிப்பட்டை கூடியது. கர்னல் ஆனபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்போதுதான் அம்மா என் முதுகைத் தொட்டாள். "ஒங்கப்பா வந்துகிறாரு. எந்த ஊரு கர்னல்னு பாக்கணுமாம்." திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில் கோட்டும் தொப்பியும், நெஞ்சில் மெடலுமாக, உதட்டைச் சுழித்துக்கொண்டு நின்றிருந்தார். மேடையில் இவர் ஏதாவது உளறிக் கொட்டினால் ஜென்மத்துக்கும் அந்த வீட்டு வாசல் திறக்காது.

கடைசிக் காட்சியில் ஜெனரல் வந்து கர்னலுக்கு நட்சத்திர மெடல் குத்த வேண்டும். அட்டையில் வெட்டி, மைதா பசை தடவி, தங்கக் காகிதம் ஒட்டிய மெடல். அதைத் தட்டில் வைத்து, குதிரைக்குப் பக்கத்து ஸ்டூலிலேயே வைத்துத் தொலைத்திருந்தார்கள். ஜெனரல் நீட்டி முழக்கிப் பேசிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார், குதிரை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது.

ஊரே சிரித்தது. வேறு ஏதாவது கிடைக்குமா என்று ஜெனரல் திரைக்குப் பின்னால் ஓடினார், வரவேயில்லை. குதிரையிலிருந்து இறங்கியிருந்த என் வீட்டுக்காரர் மேடையில் தனியாக நின்றார். "எறங்கு கர்னலு!" என்று விசில் பறந்தது. அவர் தோள் தொங்கிப்போயிற்று. ஐயோ பாவமே! அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, மேடைக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாமா என்று இருந்தது.

"கார்தவூ!"

அப்பாவின் குரல். பட்டாளத்தில் விறைப்பாக நிற்கச் சொல்லும் பிரெஞ்சுக் கட்டளை. என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். கூட்டம் அடங்கியது. அப்பா விறுவிறுவென்று நடந்து போய் மேடை ஏறினார். மருமகனின் காலரை இழுத்து நேராக்கினார். தோளைப் பிடித்து நிமிர்த்தினார். கூட்டத்தைப் பார்த்து, "மெடலுக்குன்னு வந்து நிக்கிறவன வெறும் நெஞ்சோட எறக்கக் கூடாது. அவன் எந்தக் கொடி புடிச்சா இன்னா?" என்று அதட்டினார். பிறகு தன் கோட்டிலிருந்த மெடலைக் கழற்றி அவர் நெஞ்சில் குத்தினார். குத்திய கையோடு இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று, முத்தம் கொடுத்தார்.

அப்பாவுக்கு மெடல் குத்திய பிரெஞ்சு அதிகாரி அப்படித்தான் கொடுத்தாராம். மெடல் என்றால் முத்தம் உண்டு. அவருக்குத் தெரிந்த பட்டாளம் அதுதான். சாரத்து ஜனங்களோ ருஷ்யாவில் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு கைதட்டி ஆரவாரம் செய்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. மெடல் ஊக்கைக் கழற்றப் போனார். "மாமா, இந்தாங்க…"

அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார். "இருக்கட்டும் மாப்ள. வளகாப்புக்கு நம்ம வூட்டுக்கு வருவ இல்ல, அப்ப குத்திக்கினு வா."

நான் அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, ருஷ்யாக்காரன் கதைக்கா இம்மாம் அழுவுற?" என்று கேட்டாள்.